எண்ணெய்க் கறை பட்ட நாவல்கள்

கோலாலம்பூர்த் தமிழ் வீடுகளில் புத்தகங்கள் இரண்டு வகை. முதல் வகை, நூல் வெளியீட்டு விழாவில் வாங்கியது. குத்துவிளக்கு, பொன்னாடை, மாலை, சிறப்பு வருகையாளர் உறையை நீட்டி முதல் பிரதி பெறும் காட்சி எல்லாம் முடிந்து, ஆசிரியர் கையெழுத்தோடு வந்து கண்ணாடி அலமாரியில் நிமிர்ந்து நிற்கும். பக்கங்கள் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கும். இரண்டாம் வகையை அலமாரியில் தேடிப் பயனில்லை. அது பக்கத்து வீட்டில் இருக்கும், இல்லையென்றால் கிள்ளானில் இருக்கும் தங்கச்சியிடம் போயிருக்கும். அட்டை மடங்கி, அறுபதாம் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. வடை பிட்ட கை பட்டது.

கறை பட்ட புத்தகம்தான் படிக்கப்பட்ட புத்தகம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தக் கறைகள் பெருக வேண்டும் என்று ஆசைப்பட நல்ல காரணங்கள் இருக்கின்றன. பத்துப் பேர் ஒரே நாவலைப் படித்துவிட்டு ஒரு கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசுகிறார்கள், நடுவில் சுடச்சுட ஏதோ ஒரு தட்டு வந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். கேட்கச் சின்னதாகத் தெரியும். மலாயாத் தமிழ் இலக்கியத்தின் நல்ல பருவங்களைப் புரட்டிப் பார்த்தால், பின்னணியில் இப்படிச் சில சின்னக் கூட்டங்கள் இருந்திருப்பது தெரியும்.

அந்தக் கூட்டங்களின் வேர் திருநெல்வேலி வரை போகிறது. 1920-களில் வண்ணார்பேட்டையில், ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் வீட்டில், வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடினார்கள். இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராகி 'வட்டத்தொட்டி' என்று நிலைத்தது. தலைவர், செயலாளர், தீர்மானம் எதுவும் கிடையாது. கம்பன் பாட்டு ஒன்றை டி.கே.சி. எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டுவார். ஒரே பாட்டில் ஒரு மாலை கழிந்துவிடும். பின்னாளில் குற்றாலத்தில் அவர் வாழ்ந்தபோதும் ராஜாஜி, கல்கி தொடங்கிப் பேர் தெரியாத இளைஞர் வரை வந்தவருக்கெல்லாம் இலை விழுந்தது. கம்பனும் இட்லியும் ஒரே பந்தியில் பரிமாறப்பட்ட வீடு என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வீட்டால் ஈர்க்கப்பட்டவர்களில் இருவர் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர்கள். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் ஒரே தெருவில் வளர்ந்த, ஏறத்தாழ ஒரே வயதுக் கூட்டாளிகள். கி.ரா. ஊரோடு இருந்தார். அழகிரிசாமி 1950-களின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். சீதாலட்சுமியை 1955-இல் மணந்ததும் மலாயாவில்தான். செய்தித்தாள் வேலையோடு அவர் நிற்கவில்லை. 'இலக்கிய வட்டம்' என்ற பெயரில் இங்கே எழுதுகிறவர்களைக் கூட்டி உட்காரவைத்தார். கதையை நடுவில் வைத்து அலசினார்கள். எது கதை, எது கதைபோல இருக்கிற வேறொன்று என்று எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரையின் வட்டம், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வழி அது என்று நினைக்கத் தோன்றுகிறது.

அவருக்குச் சற்று முன்பே, 1950-51-இல், அதே 'தமிழ் நேசன்' ஏட்டில் சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தியிருந்தார்கள். தோட்டத்துப் பள்ளி ஆசிரியர்களும் கிராணிகள் எனப்பட்ட தோட்ட எழுத்தர்களும் கதை எழுதி அனுப்ப, அவற்றை எடைபோட்டு, பாடம் சொல்லி, பல பேரை எழுத்தாளராக்கிய வகுப்பு. நரசிம்ம ஐயங்கார் 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019 ஜனவரி 31-ஆம் தேதியோடு நின்றுபோனது. ஞாயிறு பதிப்பில் வந்த கதையைப் பற்றித் திங்கட்கிழமை வேலையிடத்தில் பேசிக்கொள்ளும் பழக்கமும் அதோடு கொஞ்சம் தேய்ந்தது. அந்தப் பேச்சுக்கு இப்போது ஒரு புது இடம் வேண்டியிருக்கிறது.

அந்தக் கதை வகுப்புக்கும் முந்திய ஒரு வாசிப்பு வட்டம் உண்டு. அதற்குப் பெயர் யாரும் வைக்கவில்லை. ரப்பர்த் தோட்டத்து லயத்தில், பால் வெட்டு முடிந்து குளித்துச் சாப்பிட்ட பின், எழுத்துத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் பத்திரிகையைப் பிரித்து உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள், குறுக்கே கேள்வி கேட்பார்கள், சண்டையும் போடுவார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச்.நாதன், 'தமிழ் நேசன்' துணையாசிரியர் என்பது தற்செயல் என்று தோன்றவில்லை. அந்தத் தொழிலாளர்கள் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், நல்ல மருத்துவம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றும் கேட்டார்கள். போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இனி அடுப்படிக்குப் போகலாம்.

மலேசியத் தமிழர் சந்தித்ததும் கேட்பது "பசியாறிட்டீங்களா?" என்றுதான். காலை உணவுக்கே இங்கே பெயர் பசியாறல். புத்தகம் பேசக் கூடுகிறவர்களுக்கும் முதலில் அந்தக் கேள்விதான், பிறகுதான் "படிச்சிட்டீங்களா?" என்பது. வரிசையை மாற்றினால் படித்து முடிக்காதவர் வாசலிலேயே கூசி நிற்பார். முக்கால்வாசி மட்டும் படித்தவரும் கூச்சமில்லாமல் உள்ளே வரும்படி இருந்தால்தான் அது வீட்டுக் கூட்டம்.

என்ன சமைப்பது? வாழையிலை போட்டு ரசம், அப்பளம், மோர்மிளகாய், கோழிப் பிரட்டல் என்று முழுச் சாப்பாடு வைத்தால், அடுத்த அரைமணியில் பாதிப் பேருக்குக் கண் செருகும், நாவல் தூங்கிப்போகும். ஞாயிறு நாலு மணிதான் தோதான நேரம். உளுந்து வடை, பிரட்டின மீகூன், நெத்திலி சம்பல், தே தாரேக் போதும். மீகூனும் சம்பலும் தமிழ்நாட்டுச் சமையலறையில் பிறந்தவை அல்ல. சீனச் சேமியாவை எண்ணெய்ச் சட்டியில் கடுகு கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டியதும், பெலாச்சான் என்ற மலாய் இறால் விழுதோடு சேர்த்து நெத்திலிக்குச் சம்பல் அரைத்ததும் இந்த மண்ணில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த தமிழ்க் கைகள். நம் ஊர் எழுத்தைப் படிக்கும் கூட்டத்துக்கு நம் ஊர்ச் சாப்பாடு பொருந்துகிறது.

அந்தச் சம்பலை ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறப்போட்டு, சின்ன வெங்காயமும் சுட்ட பெலாச்சானும் சேர்த்து அரைத்த விழுது. சட்டியில் விழுந்ததும் முதலில் மூக்கைத் துளைக்கும் காரம், வீட்டில் இருப்பவர் எல்லாரும் தும்முவார்கள். தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறம் செங்கல்லிலிருந்து மாதுளைக்கு மாறும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, குமிழி கனத்து, 'ப்ளக் ப்ளக்' என்று மெல்ல வெடிக்கும். அப்போது புளித்தண்ணி, கொஞ்சம் சீனி. பொரித்து வைத்த நெத்திலி கடைசியில்தான், முன்னால் போட்டால் மொறுமொறுப்புப் போய்விடும். அவசரப்பட்டு எண்ணெய் பிரியும் முன் இறக்கினால் பச்சை வாடை அடிக்கும்.

புத்தகத்தைத் தொட்டுக்கொண்டே தின்ன வேண்டுமென்றால் கச்சாங் பூத்தேக்கு நிகர் இல்லை. வறுத்த கடலை, முறுக்குத் துண்டு, பட்டாணி, பக்கோடா எல்லாம் கலந்த அந்தப் பொட்டலத்தின் தலைநகரம் ஈப்போவின் புந்தோங். அங்கே கம்போங் கச்சாங் பூத்தே என்று ஒரு தமிழ்க் குடியிருப்புக்குப் பெயரே வந்துவிட்டது. கிண்ணத்தில் கொட்டி நடுவில் வைத்தால், ஒருவர் கொறிக்கும் சத்தத்தில் இன்னொருவரின் தயக்கம் மறைந்துபோகும்.

சில நாவல்களுக்கு அவற்றுக்கே உரிய சாப்பாடு இருக்கிறது. ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டும் 1942-43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட மலாயாத் தமிழரின் கதை. பல்லாயிரம் பேர் அங்கே காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அதே காலத்தில் இங்கே ஊரில் இருந்தவர்களுக்கு அரிசி இல்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கிப்போக, வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுக்கு மதிப்புச் சரிய, லயத்து வாசலில் நட்ட மரவள்ளிதான் உயிர் காத்தது. அந்த நாவல்களைப் பேசும் நாளில் வடை வேண்டாம். கிழங்கை உரித்து, நடுநரம்பு எடுத்து, உப்புப் போட்டு அவித்து, துருவின தேங்காய் தூவி வைக்கலாம். பாட்டி வீட்டில் மரவள்ளி என்றால் ஏன் முகம் திரும்பிக்கொண்டது என்று யாராவது ஒருவர் பேசத் தொடங்கினால், அன்றைய விவாதத்துக்கு வேறு கேள்வி தேவைப்படாது.

ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' சிலாங்கூரின் ஆற்றோரத்துக் கதை. சீ.முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்து வாழ்வின் ஈரமும் மணமும் கொண்டது. 2017-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தபோது மலேசிய எழுத்தின்மேல் அங்குள்ள வாசகர் கண் திரும்பியது. வீட்டு வட்டம் தொடங்குகிறவர்கள் முதல் மாதமே தடித்த நாவலில் இறங்க வேண்டியதில்லை. ஒரு சிறுகதை போதும். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' தீபாவளிக்கு முந்தின நாள், ஏழை வீட்டு வாசலில் இன்னும் ஏழையான ஒரு சிறுவன் வந்து நிற்கும் கதை. இருபது நிமிடத்தில் படித்துவிடலாம், பேசினால் இரண்டு மணி நேரம் போதாது. தீபாவளி மாதத்து முறுக்கோடு பேச அதைவிடப் பொருத்தமான கதை எது?

புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் உலகின் வேறு மூலையிலும் இப்படி ஓர் உறவு உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் புத்தக வட்டம் கூட்டுகிற வீடுகளில் பொரித்த கோழி, சோளக் கூழ், 'கம்போ' என்ற கெட்டியான குழம்பு எல்லாம் பரிமாறுவார்கள். மனசுக்கு ஆறுதல் தரும் சாப்பாடு என்று அந்தச் சமையலுக்கு அங்கே பெயர். கம்போவின் பெயரே ஆப்பிரிக்க மொழி ஒன்றில் வெண்டைக்காய்க்குரிய சொல்லிலிருந்து வந்தது. வெண்டையும் காராமணியும் ஆப்பிரிக்க மண்ணின் பயிர்கள். பருத்தித் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு அமெரிக்கா போய், அங்கே அடுப்பேறின. அதே வெண்டைக்காய் இங்கே ரப்பர்த் தோட்டத்து மீன்கறியில் கொதித்தது. பருத்திக் காடு வேறு, பால்மரக் காடு வேறு, அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல. ஆனாலும் வெயிலில் முதுகு ஒடிந்தவர்கள் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளுக்கு ருசியாகச் செய்துகொடுத்த சாப்பாடு இரண்டும். அந்த ருசியும் அந்த மக்களின் கதையும் ஒரே கூடத்தில் சேரும்போது ஒன்றுக்கொன்று அர்த்தம் கூட்டுகின்றன.

ஒரு விஷயத்தை மறைக்காமல் பேச வேண்டும். இலக்கியக் கூட்டங்களின் வரலாற்றில் நினைவுகூரப்படும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. கூடத்தில் கம்பன் ஓடிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவர்களுக்கும் கம்பனைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். அதைக் கேட்டு எழுதி வைத்தவர் யார்? இன்று ஒரு வீட்டில் வட்டம் கூட்டி, அம்மாவோ அண்ணியோ இரண்டு மணி நேரமும் வடைச் சட்டியின் முன் நிற்க, மற்றவர்கள் பெண்ணியம் பேசினால் அந்தக் கூட்டம் கூடாமலே இருந்திருக்கலாம். எல்லாரும் ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். ஒருவர் மீகூன், ஒருவர் கறிபாப், சமைக்கத் தெரியாதவர் கடையில் தாப்பாவ் செய்த, அதாவது கட்டி வாங்கிய, தோசை. அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்காரரும் பாயில் உட்கார்ந்த பிறகே முதல் வாக்கியம் பேசப்பட வேண்டும். கோப்பைகளைக் கழுவும் முறை ஆண்களுக்கு வந்தால் இன்னும் நல்லது.

பிரிக்ஃபீல்ட்ஸ் இந்தப் பழக்கத்துக்கென்றே அமைந்த பேட்டை. 1880-களில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் தின்ற பிறகு, ஊரைச் செங்கல்லால் கட்டியெழுப்பச் சூளைகள் எரிந்த இடம் அது, பெயரும் அப்படித்தான் வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர், யாழ்ப்பாணத்தார், மலையாளிகள் குடியேறினார்கள். 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம் இன்றும் துன் சம்பந்தன் சாலையில் நிற்கிறது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்தபோது இந்தப் பகுதி 'லிட்டில் இந்தியா' என்று முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. பூக்கடை, வடைக்கடை, இசைத்தட்டுக் கடை, இட்லி மாவுக் கடை எல்லாம் நடந்து போகும் தூரம்.

இங்கே இன்னொரு கூட்டமும் வாழ்கிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பதால், பார்வையற்றோர் பலர் இந்தத் தெருக்களில் வேலை செய்கிறார்கள், குடியிருக்கிறார்கள். நடைபாதையில் கைத்தடிக்கு வழிகாட்டும் மேடுபள்ளக் கற்களைப் பார்க்கலாம். அச்சுப் புத்தகம் மட்டும் வைத்துக் கூடினால் அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றுவிடுவார்கள். லயத்து விளக்கடிப் பழக்கம் இங்கே மறுபடி கைகொடுக்கிறது. கூட்டத்தின் முதல் அரைமணி ஓர் அத்தியாயத்தை உரக்கப் படித்தால் போதும். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத இளையவர்களும் இந்த ஊரில் நிறைய. தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்த அந்தப் பிள்ளைகளுக்கும் அதே அரைமணி கதவைத் திறந்துவிடும். நல்ல குரலில் ஒரு பக்கம் கேட்டவர், அடுத்த பக்கத்துக்காக எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் உண்டு.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. சென்னையிலிருந்து ஒரு நாவலைத் தனியாக வரவழைத்தால், அனுப்புச் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் அந்தச் சுமை பகிர்ந்து போகும். கோலாலம்பூரின் உமா பதிப்பகம், ஜெயபக்தி போன்றவை உள்ளூர் நூல்களை நெடுங்காலமாக அச்சிட்டு வருகின்றன. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 2007-இல் தொடங்கிய 'வல்லினம்' இதழைச் சுற்றி விமர்சனமும் உரையாடலும் தீவிரமாக நடந்துவருகின்றன, இன்றைய மலேசிய எழுத்தை அறிய அது நல்ல வாசல். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ம.நவீனின் 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு 2020-இல் தடை செய்தது. ஒரு தமிழ் நாவல் அரசாங்கம் கவனிக்கும் அளவுக்குப் பேசப்பட்டது. அதை வாசித்து நல்லதும் கெட்டதும் வாசகர்களே சொல்லியிருக்க வேண்டியது என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

மற்ற ஏற்பாடுகள் பெரிதல்ல. எட்டுப் பேருக்குக் குறைந்தால் பேச்சு இருவருக்குள் முடங்கும், பன்னிரண்டைத் தாண்டினால் மேடைப் பேச்சாக மாறிவிடும். மைக் வேண்டாம், மாலை வேண்டாம். "இந்த நூலின் சிறப்பு என்ன?" என்று தொடங்கினால் பள்ளிக்கூட வாசனை அடிக்கும். "எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம், பதில்கள் தானாகக் கிளைக்கும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர், சைவர், ஹலால் பார்ப்பவர் எல்லாரும் வருகிற ஊர் இது, ஆகவே நடுத்தட்டு எப்போதும் சைவமாக இருக்கட்டும். ஓரத்தில் ஈரத்துண்டு ஒன்று. கை துடைத்துக்கொண்டுதான் பக்கம் புரட்ட வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார், யாரும் கேட்க மாட்டார்கள்.

இருட்டத் தொடங்கும்போது கூட்டம் கலைகிறது. மிச்சத்தைக் கட்டிக் கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் இங்கே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில். 1886-இல் தமிழ்க் கூலிகளின் கைபட்டு, கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்த அதே தடத்தின் வழிதான். பையில் மேலே பழுப்புத் தாளில் மடித்த மீகூன், அடியில் அடுத்த மாதத்துக்கான நாவல். அடுத்த முறை கிள்ளானில், தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்து வீட்டில், புட்டு மாயமும் தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் என்று பேசி முடிவாகியிருக்கிறது. ஷா ஆலம் தாண்டும்போது பையைத் திறந்து பார்த்தால், பொட்டலத்தின் எண்ணெய் மெல்ல அட்டைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.